அழித்தாலும் குறையாத டேட்டாபேஸ் பைல்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி உள்ளது என்று யாரும் பார்ப்பதில்லை. ஓரிரு ஆண்டுகள் சென்ற பின், டிஸ்க்கில் இடம் குறைவாக உள்ளது என்ற செய்தி திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும். உடனே பார்த்து முடித்த திரைப்படங்களையும், இரண்டு மூன்று முறை காப்பி செய்து வைத்த போட்டோக்களையும் அழிக்கிறோம். இடம் கிடைத்துவிடுகிறது.

ஆனால் இடத்தை அடைத்துக் கொண்டிருப்பது ஒரு டேட்டாபேஸ் பைல் என்றால் இந்த வழி பலிக்காது. உள்ளே இருக்கும் பழைய தகவல்களை ஆயிரக்கணக்கில் அழித்தாலும் பைலின் அளவு ஒரு எம்.பி. கூடக் குறையாது. பலர் இந்த இடத்தில்தான் குழம்பிப் போய், செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிடுகின்றனர். எனவே டேட்டாபேஸ் பைல்கள் ஏன் இப்படி வளர்கின்றன, அவற்றைப் பத்திரமாகச் சுருக்குவது எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

உங்களிடமும் டேட்டாபேஸ் உள்ளது

"நான் டேட்டாபேஸ் எதையும் பயன்படுத்துவதில்லையே" என்று நீங்கள் எண்ணலாம். பெயர், தேதி, தொகை போன்ற தகவல்களை வரிசைப்படுத்தி, தேடினால் உடனே எடுத்துத் தரும் வகையில் அடுக்கி வைத்திருக்கும் பைல்தான் டேட்டாபேஸ். கடையில் பில் போடும் சாப்ட்வேர், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்துள்ள மைக்ரோசாப்ட் அக்சஸ் பைல், அவுட்லுக்கில் சேரும் இமெயில்கள், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் தளங்களின் பட்டியல், விண்டோஸ் தன் தேடலுக்காக உருவாக்கிக் கொள்ளும் இண்டெக்ஸ் என எல்லாமே டேட்டாபேஸ்தான்.

இவற்றை இரண்டு வகையாகப் பிரித்து மனதில் வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் தேடல் இண்டெக்ஸ் போன்றவை அழிந்தால் கம்ப்யூட்டரே மீண்டும் உருவாக்கிக் கொள்ளும். உங்கள் கடைக் கணக்கும், கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் இமெயில்களும் அழிந்தால் போனது போனதுதான். முதல் வகையில் தைரியமாகக் கை வைக்கலாம். இரண்டாவது வகையில், வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுக்காமல் எதையும் தொடக் கூடாது.

அழித்தாலும் ஏன் குறைவதில்லை?

ஒரு கணக்கு நோட்டை எண்ணிப் பாருங்கள். அதில் பத்துப் பக்கங்களில் எழுதியவற்றை ரப்பரால் அழித்துவிட்டீர்கள். நோட்டின் கனம் குறையுமா? குறையாது. பக்கங்கள் காலியாகும், அவ்வளவுதான். அடுத்து எழுத வேண்டியதை அந்தப் பக்கங்களில் எழுதலாம்.

டேட்டாபேஸ் பைலும் இப்படிப் பக்கங்களாகவே பிரிக்கப்பட்டுள்ளது. அக்சஸ் 2000 முதல் ஒரு பக்கம் 4 கேபி அளவு கொண்டது. அதற்கு முன் 2 கேபி. நீங்கள் ஒரு ரெக்கார்டை அழித்தால், இந்த இடம் காலி என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. அந்த இடம் டேட்டாபேஸுக்குள்ளேயே காலியாக இருக்கும். விண்டோஸுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் பைலைச் சுருக்கிப் பின் எழுதும்போது நீட்டிக் கொண்டிருந்தால் வேகம் குறைந்துவிடும் என்பதால் இந்த முறையைப் பின்பற்றுகின்றனர்.

காலிப் பக்கங்களை நீக்கி, மீதி உள்ளவற்றை நெருக்கி அடுக்கிப் பைலைச் சுருக்குவதற்குத் தனியே ஒரு கட்டளை தர வேண்டும். அக்சஸிலும் அவுட்லுக்கிலும் இதனை காம்பேக்ட் என்பார்கள். பிரவுசர்களும் மொபைல் போன்களும் பயன்படுத்தும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் இதற்கு வேக்குவம் என்று பெயர். எஸ்கியூஎல் சர்வரில் ஷ்ரிங்க். பெயர்தான் வேறு, நோக்கம் ஒன்றே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுருக்கும் வேலைக்கே டிஸ்க்கில் காலி இடம் தேவை. அக்சஸ், எஸ்கியூலைட் போன்றவற்றில் பழைய பைலை வைத்துக் கொண்டே பக்கத்தில் புதிய பைலை எழுத வேண்டும் அல்லவா? எஸ்கியூலைட்டில் வேக்குவம் செய்திட, பைலின் அளவைப் போல் இரண்டு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம். டிஸ்க் முழுவதும் நிரம்பும் வரை காத்திருந்தால், சுருக்கலாம் என்றாலும் சுருக்க முடியாது.

இரண்டு சுவர்கள்

டேட்டாபேஸ் வளரும்போது முட்டிக் கொள்ளும் சுவர்கள் இரண்டு. ஒன்று, டிஸ்க்கின் கொள்ளளவு. மற்றொன்று, அந்த டேட்டாபேஸுக்கே உள்ள உச்ச வரம்பு. டிஸ்க்கில் 500 ஜிபி காலியாக இருந்தாலும் இரண்டாவது சுவர் உங்களைத் தடுத்துவிடும்.

அக்சஸ் பைல் ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அக்சஸ் 2007ல் புதிய பைல் வகை வந்த பின்னும் இந்த வரம்பு மாறவில்லை. அவுட்லுக் 2002 வரை வந்த பிஎஸ்டி பைல்களுக்கும் 2 ஜிபிதான் வரம்பு. அந்த அளவை நெருங்கியபோது பைல் கெட்டுப் போய்ப் பலர் தங்கள் இமெயில்களை இழந்தனர். அவுட்லுக் 2003ல் வந்த புதிய வகை பிஎஸ்டி பைலுக்கு 20 ஜிபி, அவுட்லுக் 2010 முதல் 50 ஜிபி என்று வரம்பு உயர்த்தப்பட்டது.

பில் சாப்ட்வேர்கள் பலவற்றுடன் இலவசமாக வரும் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பிலும் வரம்பு உண்டு. 2005 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 4 ஜிபி. 2008 ஆர்2 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் 10 ஜிபி. 2025 பதிப்பில் இது 50 ஜிபி ஆக்கப்பட்டுள்ளது.

டிஸ்க் நிரம்பிய நிலையில் எழுதும் வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும்? எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் போன்றவை, செய்யப்போகும் மாற்றங்களைத் தனியே ஒரு பைலிலும் குறித்துக் கொள்கின்றன. எனவே பாதியில் நின்ற வேலையை விலக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப அவற்றால் முடியும். அக்சஸில் இந்த ஏற்பாடு இல்லை. அதனால் எழுதும்போது தடைப்பட்டால் பைல் கெட்டுப் போகும் வாய்ப்பு அதில் அதிகம்.

ஒரு மருந்துக் கடையில் நடந்தது

எனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் அக்சஸில் அமைந்த பில் சாப்ட்வேர் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார். சி டிரைவில் இடம் தீர்ந்து பில் போட முடியாமல் போனது. அவரே சாப்ட்வேரில் நுழைந்து, 2022 மார்ச் வரையிலான பில்களை எல்லாம் அழித்துவிட்டார். அதன் பின் எனக்குப் போன் செய்து, "சார், அத்தனை வருஷ பில்லையும் அழிச்சுட்டேன். ஒரு எம்.பி. கூடக் குறையலையே, கம்ப்யூட்டர்ல வைரஸா?" என்று கேட்டார்.

வைரஸ் எதுவும் இல்லை. மேலே சொன்ன கணக்கு நோட்டு விஷயம்தான். ஆனால் இங்கு பிரச்னை இடம் மட்டும் அல்ல. ஜிஎஸ்டி சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாத்து வைக்க வேண்டும். 2021-22ஆம் நிதியாண்டின் ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2022 டிசம்பர் 31. அப்படியானால் அந்த ஆண்டின் பில்கள் 2028 டிசம்பர் முடியும் வரை இருக்க வேண்டும். அவரோ காப்பி எதுவும் எடுக்காமல் அழித்திருந்தார். கேட்டால் காட்ட பில் இல்லை, இடமும் கிடைக்கவில்லை.

நல்ல வேளையாக அவர் காம்பேக்ட் கட்டளையைத் தரவில்லை. அழித்த ரெக்கார்டுகள் வேறு தகவல்கள் மேலே எழுதப்படும் வரை பைலின் பக்கங்களில் தங்கியிருக்கக் கூடும். அதற்கென உள்ள சாப்ட்வேர் கொண்டு சில சமயம் மீட்கலாம். காம்பேக்ட் செய்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். அந்த நிலையிலேயே பைலை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து வைத்தோம். பிறகு, சாப்ட்வேரை நிறுவிக் கொடுத்தவரிடம் பழைய பென் டிரைவ் ஒன்றில் பேக் அப் இருப்பது தெரிய வந்தது. மீட்கும் வேலைக்கே போகாமல் பில்கள் கிடைத்துவிட்டன. எல்லாருக்கும் இப்படிப் பென் டிரைவ் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே வரிசையை நினைவில் வையுங்கள்: முதலில் காப்பி, பிறகு அழித்தல், கடைசியில் காம்பேக்ட்.

முதலில் அளந்து பாருங்கள்

எந்தப் பைல் இடத்தைப் பிடித்துள்ளது என்று தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், ஸ்டோரேஜ் எனச் செல்லுங்கள். சி டிரைவில் எந்த வகைப் பைல்கள் எவ்வளவு இடம் எடுத்துள்ளன என்று பட்டியல் கிடைக்கும்.

அடுத்து, டேட்டாபேஸ் உள்ள போல்டரை பைல் எக்ஸ்புளோரரில் திறந்து, வியூ மெனுவில் டீட்டெய்ல்ஸ் தேர்ந்தெடுங்கள். ஸைஸ் என்ற தலைப்பில் கிளிக் செய்தால் பைல்கள் அளவு வாரியாக வரிசைப்படுத்தப்படும். போல்டர் எது என்று தெரியவில்லையா? அக்சஸில் பைலைத் திறந்து பைல் மெனுவில் இன்போ கிளிக் செய்தால் பைல் இருக்கும் இடம் காட்டப்படும். பில் சாப்ட்வேர் என்றால் அதனை நிறுவியவரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த அளவை மாதம் ஒரு முறை ஒரு டைரியில் குறித்து வாருங்கள். எடுத்துக்காட்டாக, உங்கள் அக்சஸ் பைல் இப்போது 1,240 எம்.பி. என வைத்துக் கொள்வோம். மாதம் 40 எம்.பி. வளர்கிறது. 2 ஜிபி என்பது 2,048 எம்.பி. மீதி 808 எம்.பி. 40ஆல் வகுத்தால் சுமார் 20 மாதங்கள். பைல் எப்போது சுவரில் முட்டும் என்பது இப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

டிஸ்க் ஏற்கெனவே நிரம்பிவிட்டதா?

பதற வேண்டாம். கீழே தந்துள்ள வரிசையில் செயல்படுங்கள்.

1. டேட்டாபேஸைப் பயன்படுத்தும் புரோகிராமை மூடுங்கள். எழுதும் வேலை நிற்பதுதான் முதல் பாதுகாப்பு.

2. ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். தேவையான பைல் எதுவும் இல்லை எனில் காலி செய்திடவும். நீங்கள் அழித்தவை காலி செய்யும் வரை டிஸ்க்கில்தான் இருக்கும்.

3. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் சென்று டெம்பரரி பைல்ஸ் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் பட்டியலில் வேண்டாதவற்றில் டிக் செய்து ரிமூவ் பைல்ஸ் அழுத்தவும். இந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரும் இருக்கும். அதில் டிக் செய்யும் முன் உள்ளே என்ன உள்ளது என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

4. வீடியோ, போட்டோ போன்ற பெரிய பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

5. விண்டோஸ் தேடல் இண்டெக்ஸ் பல ஜிபிக்கு வளர்ந்திருந்தால், கண்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, அட்வான்ஸ்டு சென்று ரீபில்ட் அழுத்துங்கள். விண்டோஸ் பழைய இண்டெக்ஸை நீக்கிப் புதிதாக உருவாக்கும். அது முடியும் வரை தேடல் சற்று மெதுவாக இருக்கும். வேறு இழப்பு இல்லை.

இப்போது ஓரளவு இடம் கிடைத்திருக்கும். இனி டேட்டாபேஸைக் கவனிக்கலாம்.

அக்சஸ் பைலைச் சுருக்குதல்

பைலைப் பயன்படுத்தும் அனைவரும் அதனை மூடிவிட வேண்டும். பைல் திறந்திருக்கும்போது, அதே போல்டரில் அதே பெயரில் சிறிய லாக் பைல் ஒன்று தோன்றும். பூட்டுப் படம் கொண்ட ஐகானை வைத்து இதனை அடையாளம் காணலாம். அது இருந்தால் யாரோ இன்னும் பைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்த பின், பைலை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்திடவும். பிறகு அக்சஸில் அந்த டேட்டாபேஸைத் திறந்து, பைல் மெனுவில் இன்போ பிரிவில் உள்ள காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் டேட்டாபேஸ் என்பதில் கிளிக் செய்யுங்கள். பைலின் அளவைப் பொறுத்துச் சில நிமிடங்கள் ஆகலாம். இடையில் கம்ப்யூட்டரை நிறுத்தக் கூடாது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் பகுதி என்றால் யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

சி டிரைவில் இதற்குப் போதிய இடம் இல்லையா? அப்போது வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு காப்பிகள் எடுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றை அங்கேயே திறந்து காம்பேக்ட் செய்யுங்கள். முடிந்ததும் திறந்து பார்த்து, கடைசியாகப் போட்ட பில், பழைய பில் ஒன்று, மொத்த ரெக்கார்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சுருக்கிய பைலைப் பழைய இடத்தில், பழைய பெயரிலேயே வையுங்கள். பெயரோ இடமோ மாறினால் பில் சாப்ட்வேர் பைலைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும்.

அக்சஸில் காம்பேக்ட் ஆன் குளோஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு முறை மூடும்போதும் பைல் தானாகவே சுருக்கப்படும். வசதிதான் என்றாலும் நான் இதனைப் பரிந்துரைப்பதில்லை. காப்பி எடுக்காமலே காம்பேக்ட் நடக்கும் என்பதே காரணம்.

அவுட்லுக் இமெயில் பைல்

இங்கு சொல்வது கம்ப்யூட்டரில் நிறுவப்படும் பழைய வகை, அதாவது கிளாசிக் அவுட்லுக் பற்றி. இதில் பிஎஸ்டி, ஓஎஸ்டி என இரண்டு வகைப் பைல்கள் உள்ளன. ஓஎஸ்டி பைலில் இருப்பது சர்வரில் உள்ள இமெயில்களின் காப்பி. பிஎஸ்டி பைலில் இருப்பவை உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். எனவே பிஎஸ்டி பைலில்தான் கூடுதல் கவனம் தேவை. அவுட்லுக்கை மூடிவிட்டு அந்தப் பைலை வேறு டிஸ்க்கில் காப்பி செய்து கொள்ளுங்கள்.

பின் அவுட்லுக்கைத் திறந்து, பெரிய இணைப்புகளுடன் வந்த வேண்டாத இமெயில்களை அழியுங்கள். அவை டெலிட்டட் ஐட்டம்ஸ் போல்டருக்குத்தான் செல்லும். அந்தப் போல்டரையும் காலி செய்திடவும். இதன் பின் பைல் மெனுவில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, டேட்டா பைல்ஸ் டேபில் உங்கள் பைலைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் கிளிக் செய்து, காம்பேக்ட் நவ் அழுத்துங்கள். பைல் சுருங்கும்.

தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். அழித்த இமெயில்கள் அதன் பைலிலேயே தங்கியிருக்கும். இமெயில் போல்டரில் ரைட் கிளிக் செய்து காம்பேக்ட் தேர்ந்தெடுத்தால் அவை உண்மையாக நீங்கும்.

எஸ்கியூஎல் சர்வரில் லாக் பைல்

உங்கள் பில் சாப்ட்வேர் எஸ்கியூஎல் சர்வரைப் பயன்படுத்தினால் டேட்டாபேஸ் போல்டரில் குறைந்தது இரண்டு பைல்கள் இருக்கும். எம்டிஎஃப் என முடிவது தகவல்கள் உள்ள பைல். எல்டிஎஃப் என முடிவது லாக் பைல். ஒவ்வொரு மாற்றமும் முதலில் இதில்தான் குறிக்கப்படுகிறது. சில கம்ப்யூட்டர்களில் தகவல் பைல் 1 ஜிபியாகவும் லாக் பைல் அதைப் போல் பல மடங்காகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் ரெகவரி மாடல் என்ற அமைப்பு. அது ஃபுல் என்று வைக்கப்பட்டிருந்தால், லாக் பைலுக்கென்று தனியாக பேக் அப் எடுக்கும் வரை அதில் உள்ள குறிப்புகள் நீக்கப்படுவதில்லை. யாரும் லாக் பேக் அப் எடுக்காத கடையில் அது வளர்ந்து கொண்டே போகும். "லாக்தானே" என்று அந்தப் பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிறகு டேட்டாபேஸே திறக்காமல் போகலாம்.

இந்த வேலையைப் புதியவர்கள் தாங்களே செய்ய வேண்டாம். சாப்ட்வேர் தந்தவரை அழைத்து இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். "ரெகவரி மாடல் என்னவாக உள்ளது? லாக் பேக் அப் எடுக்க ஏற்பாடு உள்ளதா?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பிரச்னை தீரும் வழியும் கிடைத்துவிடும்.

மீண்டும் நிரம்பாமல் இருக்க

காம்பேக்ட் செய்வதால் காலிப் பக்கங்கள்தான் நீங்கும். பைல் முழுவதும் தேவையான தகவல்களாக இருந்தால் பெரிதாக எதுவும் குறையாது. அப்போது பழைய ஆண்டுகளைத் தனியே பிரிப்பதே வழி. பில் சாப்ட்வேர் என்றால் அதிலேயே ஆண்டு முடிவு அல்லது புதிய ஆண்டு தொடங்கும் வசதி உள்ளதா என்று பார்த்து அதனையே பயன்படுத்துங்கள். நீங்களே உருவாக்கிய அக்சஸ் பைல் என்றால், அதனை அப்படியே காப்பி செய்து ஆண்டின் பெயரைச் சூட்டுங்கள். காப்பியைத் திறந்து பழைய ரெக்கார்டுகள் அனைத்தும் உள்ளன என்று பார்த்த பின், இப்போதைய பைலில் மட்டும் அவற்றை அழித்து காம்பேக்ட் செய்யுங்கள்.

போட்டோக்களை டேட்டாபேஸுக்குள் வைப்பதையும் தவிர்க்கலாம். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு 2 எம்.பி. போட்டோ என்றால் 1,000 பேருக்கு ஏறத்தாழ 2 ஜிபி. அக்சஸின் வரம்பு அதிலேயே முடிந்துவிடும். போட்டோக்களைத் தனிப் போல்டரில் வைத்து, பைலின் பெயரை மட்டும் டேட்டாபேஸில் எழுதுங்கள். பேக் அப் எடுக்கும்போது அந்தப் போல்டரையும் மறக்காமல் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பேக் அப் எடுக்கையில் ஒரு தடை

பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும், 5 ஜிபி பைல் ஒன்றைக் காப்பி செய்ய முடியவில்லை, பைல் மிகப் பெரியது என்று செய்தி வருகிறதா? பென் டிரைவ் கெடவில்லை. அது ஃபேட் 32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் 4 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள தனிப் பைலை வைக்க முடியாது. பென் டிரைவில் உள்ளவற்றை வேறு இடத்திற்கு மாற்றிவிட்டு, அதில் ரைட் கிளிக் செய்து பார்மட் தேர்ந்தெடுத்து, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் பார்மட் செய்யுங்கள். பார்மட் செய்தால் அதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பேக் அப் எடுக்கும்போது டேட்டாபேஸ் மூடியிருக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் என்றால் பைலை இழுத்துப் போட்டுக் காப்பி செய்யாமல் சாப்ட்வேரில் உள்ள பேக் அப் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்த பேக் அப் பைல்களை சி டிரைவிலேயே சேர்த்து வைப்பவர்களும் உண்டு. டிஸ்க் நிரம்ப அதுவே ஒரு காரணமாகிறது. அதே டிஸ்க் பழுதானால் மூலமும் போகும். பேக் அப்பும் போகும்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

* டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது பைலை வேறு டிரைவுக்கு இழுத்துப் போட வேண்டாம்.

* டேட்டாபேஸ் பக்கத்தில் உள்ள ஜர்னல், லாக் போன்ற பைல்களைக் குப்பை என்று எண்ணி அழிக்க வேண்டாம். பாதியில் நின்ற வேலையைச் சரி செய்ய அவையே உதவுகின்றன.

* டிரைவ் பிராப்பர்ட்டீஸில் இடத்தை மிச்சப்படுத்த கம்ப்ரஸ் செய்யும் வசதி ஒன்று உள்ளது. டேட்டாபேஸ் உள்ள டிரைவில் அதில் டிக் செய்ய வேண்டாம். எழுதிப் படிக்கும் எஸ்கியூஎல் சர்வர் பைல்களுக்கு இந்த முறையை மைக்ரோசாப்ட் ஏற்பதில்லை.

* ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க எண்ணி, காப்பியைச் சரிபார்க்காமல் பழைய பைலை அழிக்க வேண்டாம். ஒரு வாரம் வேலை செய்து பார்த்த பின் அழிக்கலாம்.

மாதம் அரை மணி நேரம்

உங்களிடம் உள்ள மிகப் பெரிய டேட்டாபேஸ் பைலைப் போல் இரண்டு மடங்கு இடம் டிஸ்க்கில் எப்போதும் காலியாக இருக்குமாறு பார்த்துக் கொள்ளுங்கள். பைல் 3 ஜிபி என்றால் 6 ஜிபி. இந்த அளவுக்குக் கீழே போனால் அன்றே கவனிக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போன்ற ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, பைலின் அளவையும் டிஸ்க்கின் காலி இடத்தையும் எழுதுங்கள்; வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள்; காப்பி திறக்கிறதா என்று பாருங்கள்; தேவையானால் காம்பேக்ட் செய்யுங்கள். பழகிவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.